சுவருக்குள் ஒரு புகைபோக்கி

2019 செப்டம்பர் 9ஆம் தேதி பின்னிரவில், லண்டனின் தென்மேற்கு ஓரத்திலுள்ள வூஸ்டர் பார்க் பகுதியில், ரிச்மண்ட் ஹவுஸ் என்ற நான்கு மாடிக் குடியிருப்பு தீப்பிடித்தது. மொத்தம் 23 வீடுகள். ஊரே உறங்கும் நேரம். ஆனாலும் எல்லோரும் உயிரோடு வெளியே வந்துவிட்டார்கள். வீடுகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

ஒரு வீட்டில் பிடித்த தீ அந்த வீட்டோடு நின்றுவிட வேண்டும் என்பது அடுக்குமாடிக் கட்டுமானத்தின் அரிச்சுவடி. ஒவ்வொரு வீடும் ஒரு பெட்டி. அதன் சுவரும் தரையும் கூரையும் கதவும் குறைந்தது அரை மணி, ஒரு மணி நேரமாவது தீயைப் பிடித்து வைத்திருக்க வேண்டும். அதற்குள் தீயணைப்பு வண்டி வந்துவிடும் என்பது கணக்கு. ரிச்மண்ட் ஹவுஸில் 23 பெட்டிகளும் சேர்ந்து எரிந்தன. அந்தக் கட்டடத்தின் எலும்புக்கூடு மரச்சட்டங்களால் ஆனது. பிறகு நடந்த ஆய்வில் தெரியவந்தது இது: சுவருக்குள்ளே தீயை மறிப்பதற்கு இருந்திருக்க வேண்டிய தடுப்புகள் சில இடங்களில் இல்லை, சில இடங்களில் சரியாகப் பொருத்தப்படவில்லை.

இதே லண்டனில் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, 2017 ஜூன் 14 அன்று, கிரென்ஃபெல் கோபுரம் எரிந்தது. 24 மாடி. 1974இல் கட்டி முடித்த கான்கிரீட் கட்டடம். 72 பேர் இறந்தார்கள், அவர்களில் 18 பேர் குழந்தைகள். ஒன்று மரம், இன்னொன்று கான்கிரீட். ஒன்று நான்கு மாடி, இன்னொன்று 24 மாடி. மரவீடு எரியும், கான்கிரீட் வீடு எரியாது என்ற பொதுப்புத்தியை வைத்து இந்த இரண்டையும் விளக்க முடியாது. இரண்டு இடத்திலும் தீ ஏறிப்போன வழி ஒன்றேதான். சுவரின் தோலுக்கும் உடலுக்கும் நடுவே இருந்த, கண்ணுக்குத் தெரியாத இடைவெளி. இந்தக் கட்டுரை அந்த இடைவெளியைப் பற்றியது.

நம் ஊரில் வீட்டுச் சுவர் என்றால் செங்கல்லை அடுக்கி இரண்டு பக்கமும் பூசிய ஒற்றைச் சுவர். தட்டினால் கெட்டியாக ஒலிக்கும். குளிரும் ஈரமும் மிகுந்த இங்கிலாந்தில் சுவர் அப்படியில்லை. வெளியே மழையைத் தாங்க ஓர் அடுக்கு. அதைத் தாண்டி உள்ளே கசியும் நீர் வழிந்து இறங்கவும் காற்று ஓடி ஈரம் காயவும் 50 மில்லிமீட்டர் அளவில் ஓர் இடைவெளி. அதற்கு அப்பால் குளிரைத் தடுக்கும் காப்புப் பலகை. பிறகுதான் கட்டடத்தைத் தாங்கும் மரமோ கான்கிரீட்டோ. ஈரத்தைப் பொறுத்தவரை நல்ல ஏற்பாடு. தீ உள்ளே நுழைந்துவிட்டால் அதே இடைவெளி புகைபோக்கியாகிவிடும்.

விறகடுப்பு மூட்டியவர்களுக்கு இது புரியும். திறந்த வெளியில் வைத்த தீ பக்கவாட்டிலிருந்து வேண்டிய காற்றை இழுத்துக்கொண்டு அதே இடத்தில் எரிகிறது. குறுகிய குழாய்க்குள் மாட்டிய சுடருக்குப் பக்கவாட்டில் காற்று கிடைப்பதில்லை. எரியாத வாயுக்கள் ஆக்சிஜனைத் தேடி மேலே மேலே போகின்றன, சுடர் நீண்டுகொண்டே போகிறது. இடைவெளிக்குள் சிக்கிய சுடர், திறந்த வெளியில் இருப்பதைவிட ஐந்திலிருந்து பத்து மடங்கு வரை நீளும் என்று பிரிட்டிஷ் கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் வழிகாட்டி நூல் சொல்கிறது. இரு பக்கச் சுவர்களும் எரியாத பொருளாக இருந்தாலும் இப்படித்தான் நடக்கும். எரியக்கூடியதாக இருந்தால் என்ன ஆகும் என்பதைத்தான் கிரென்ஃபெலில் பார்த்தோம்.

அந்த இரவின் நேரக் கணக்கைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். நான்காம் மாடியில் ஒரு வீட்டுச் சமையலறையில் ஃபிரிட்ஜில் பிடித்த தீ. முதல் அழைப்பு நள்ளிரவு 12.54க்குப் போனது. ஐந்து நிமிடத்தில் தீயணைப்பு வீரர்கள் வந்துவிட்டார்கள். சாதாரணச் சமையலறைத் தீ, அணைத்துவிட்டுக் கிளம்பலாம் என்று நினைக்க எல்லா நியாயமும் இருந்தது. ஆனால் ஜன்னல் சட்டத்தைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் வெப்பத்தில் நெளிந்து இளகி, தீ சுவரின் இடைவெளிக்குள் புகுந்துவிட்டது. 1.30 மணிக்குள் கிழக்குப் பக்கம் உச்சி வரை எரிந்தது. தீ ஜன்னலைத் தாண்டியதிலிருந்து உச்சிக்குப் போக எடுத்துக்கொண்டது சுமார் 20 நிமிடம். கோபுரத்தின் உச்சியில் அழகுக்காக ஒரு கிரீடம் போலத் தகடுகளைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். அங்கிருந்து தீ பக்கவாட்டில் ஓடி, மற்ற பக்கங்களில் மேலிருந்து கீழே இறங்கியது.

அந்தத் தகடு நமக்கும் பழக்கமானதுதான். நம் ஊர்க் கடைகளின் முகப்பிலும் ஷோரூம்களிலும் பளபளவென்று தெரிகிறதே, ஏசிபி ஷீட், அதே வகை. கிரென்ஃபெலில் பொருத்தியது மொத்தம் 4 மில்லிமீட்டர் கனம். முன்னும் பின்னும் அரை மில்லிமீட்டர் அலுமினியம், நடுவில் 3 மில்லிமீட்டர் பாலிஎத்திலீன். கையில் எடுத்தால் உலோகத் தகடு போலத்தான் இருக்கும். ஆனால் ஒரு சதுர மீட்டரில் கிட்டத்தட்ட மூன்று கிலோ பிளாஸ்டிக் உள்ளே இருக்கிறது. அது எரிந்தால் வரும் வெப்பம் மூன்று லிட்டர் பெட்ரோல் எரிவதைவிட அதிகம். எரியாத தாதுப்பொருளை நடுவில் வைத்த ஏசிபியும் சந்தையில் உண்டு. கண்ணால் பார்த்து இரண்டையும் வேறுபடுத்த முடியாது, விலையில்தான் வேறுபாடு தெரியும். 2012 முதல் 2016 வரை நடந்த புதுப்பிப்பு வேலையில், தொடக்கத்தில் பேசப்பட்டது துத்தநாகத் தகடு. செலவைக் குறைக்க அது இந்தத் தகடாக மாறியது. அதற்குப் பின்னால் எரியக்கூடிய காப்புப் பலகை. ஜன்னல்களைச் சுற்றித் தடுப்பே இல்லை. வைத்த தடுப்புகள் பலவும் அளவு தவறி, ஒழுங்கில்லாமல் வெட்டிச் செருகப்பட்டிருந்தன.

இது தெரியாமல் நடந்த தவறு என்று சொல்லிவிட முடியாது. 1991இல் மெர்சிசைடிலுள்ள நோஸ்லி ஹைட்ஸ் என்ற அடுக்ககத்தில் தகட்டுக்குப் பின்னிருந்த இடைவெளி வழியே தீ அடியிலிருந்து உச்சிக்கு ஏறியது. 1999இல் ஸ்காட்லாந்தின் இர்வின் நகரில் கார்னாக் கோர்ட் அடுக்ககத்தில் முகப்பு வழியே தீ ஏறி ஒருவர் இறந்தார். அதையொட்டி நாடாளுமன்றக் குழு ஒன்று விசாரித்து, பலர் சாகும்வரை காத்திருக்கக் கூடாது என்ற பொருளில் எச்சரித்தது. 2001இல் அரசுக்காக நடத்திய முழு அளவுச் சோதனையில், பாலிஎத்திலீன் நிரப்பிய ஏசிபி தகடு மூர்க்கமாக எரிந்தது. அந்த முடிவு பொதுவெளிக்கு வரவில்லை. 2009 ஜூலை 3 அன்று தெற்கு லண்டனில் லாகனல் ஹவுஸ் என்ற 14 மாடிக் கட்டடத்தில் தீ பரவி ஆறு பேர் இறந்தார்கள். மூவர் குழந்தைகள், ஒன்று பிறந்து சில வாரங்களே ஆன சிசு. 2013இல் அந்த மரண விசாரணையை முடித்த நீதிபதி, கட்டடத் தீ விதிகளைத் தெளிவாகத் திருத்தி எழுதுங்கள், பழைய அடுக்ககங்களில், தீ பிடித்தால் தானே நீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர் பொருத்த ஊக்கம் கொடுங்கள் என்று அரசுக்கு எழுதினார். நான்கு ஆண்டுகள் ஓடின. விதி திருத்தப்படவில்லை. கிரென்ஃபெல் எரிந்தது.

நீதிபதி மார்ட்டின் மூர்-பிக் தலைமையிலான விசாரணையின் இறுதி அறிக்கை 2024 செப்டம்பர் 4 அன்று வெளியானது. ஏறத்தாழ 1,700 பக்கம், 58 பரிந்துரைகள். தகட்டையும் காப்புப் பலகையையும் செய்து விற்றவர்களின் திட்டமிட்ட நேர்மையின்மை, அரசின் பல்லாண்டு அலட்சியம், வடிவமைத்தவர்களும் ஒப்பந்தக்காரர்களும் பொறுப்பை ஒருவர் மேல் ஒருவர் தள்ளிக்கொண்டது எல்லாம் அதில் பதிவாகியிருக்கின்றன. குடியிருப்போர் குழு 2016 நவம்பரிலேயே, பெரிய விபத்து நடந்தால்தான் நிர்வாகத்தின் கண் திறக்கும் என்று எழுதியிருந்தது. அங்கே வாழ்ந்தவர்களுக்குத் தெரிந்தது அதிகாரத்தில் இருந்தவர்களின் காதில் ஏறவில்லை. இந்த அறிக்கையில் என்னை மிகவும் உலுக்கிய செய்தி இதுதான்.

வேறொரு நகரத்தில் ஏறக்குறைய இதே தகடு எரிந்தும் ஒருவரும் சாகவில்லை. 2014 நவம்பரில் மெல்போர்ன் நகரின் லாக்ரோஸ் கட்டடத்தில், எட்டாம் மாடி பால்கனியில் கிடந்த சிகரெட் துண்டிலிருந்து தீ பிடித்தது. சுமார் கால் மணி நேரத்துக்குள் முகப்பு வழியே உச்சிக்குப் போய்விட்டது. நூற்றுக்கணக்கானோர் உள்ளே இருந்தார்கள். வெளியே சுவர் எரிய எரிய, உள்ளே அறைகளில் ஸ்பிரிங்க்ளர்கள் திறந்துகொண்டு தீயை வீட்டுக்குள் வரவிடாமல் நிறுத்தின. கிரென்ஃபெலில் ஸ்பிரிங்க்ளர் கிடையாது. பிரிட்டனில் நிகழ்ந்த தீ விபத்துகளைத் தொகுத்து 2017இல் வெளியான ஆய்வு ஒன்று, ஸ்பிரிங்க்ளர்கள் 94 சதவீத நேரங்களில் வேலை செய்தன, வேலை செய்தபோது 99 சதவீதம் தீயைக் கட்டுப்படுத்தின அல்லது அணைத்தன என்று கணக்கிட்டது. வேல்ஸ் 2016 முதல் புதிதாகக் கட்டும் எல்லா வீடுகளுக்கும் அதைக் கட்டாயமாக்கியது. ஸ்காட்லாந்து உயரமான அடுக்ககங்களுக்கு 2005இலேயே கட்டாயமாக்கியது. இங்கிலாந்து மட்டும் 30 மீட்டருக்கு மேல்தான் என்ற வரம்பை விடாமல் பிடித்திருந்து, 2020இல்தான் அதை 11 மீட்டராக இறக்கியது. லாகனல் நீதிபதியின் பரிந்துரை வந்த ஆண்டிலேயே பழைய கட்டடங்களிலும் அதைப் பொருத்தத் தொடங்கியிருந்தால் என்ற கேள்விக்கு இனிப் பயனில்லை. என்றாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

இனி மரத்துக்கு வருவோம். மரவீட்டின் மேல் பழி போடுவதற்கு முன், அடுப்படியில் பாட்டிமார் செய்ததை நினைவில் கொண்டால் பாதி விஷயம் விளங்கும். தீ மூட்ட முதலில் சுள்ளியை வைப்பார்கள், கட்டையை வைக்க மாட்டார்கள். ஒரு தீக்குச்சிக்குச் சுள்ளி பற்றிக்கொள்ளும். பருத்த கட்டையோ மேலே கருகுமே ஒழிய எளிதில் பற்றாது. கருகிய கரியே உள்ளிருக்கும் மரத்துக்குப் போர்வையாகிவிடும். இன்றைய மரக் கட்டடங்களும் இந்த இரண்டு வகைதான். பெயர் ஒன்றாக இருப்பதால் விவாதங்களில் இரண்டையும் போட்டுக் குழப்புகிறார்கள்.

பைன் போன்ற மென்மரம் தீயில் நிமிடத்துக்கு சுமார் 0.65 மில்லிமீட்டர் என்ற வேகத்தில் கரியாகிறது. ஐரோப்பிய வடிவமைப்பு விதிகள் வைத்திருக்கும் கணக்கு இது. அப்படியானால் ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 40 மில்லிமீட்டர். 30 சென்டிமீட்டர் தடிமனுள்ள தூண் நான்கு பக்கமும் எரிந்தாலும், ஒரு மணி நேரத்துக்குப் பிறகு 22 சென்டிமீட்டர் மரம் உள்ளே பழுதில்லாமல் நிற்கும். பொறியாளர் அந்த 22 சென்டிமீட்டரே பாரத்தைத் தாங்குமா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளலாம். காப்பில்லாத எஃகு உத்திரம் இந்த வெப்பத்தில் வலுவிழந்து தொங்கிவிடும் என்பதால், பருத்த மரத்தால் கட்டும் முறையின் ஆதரவாளர்கள் இந்தக் கணக்கை அடிக்கடி முன்வைக்கிறார்கள். அவர்கள் சொல்வது சரிதான்.

மெல்லிய சட்டங்களால் ஆன மரவீட்டின் கணக்கு வேறு. அங்கே சுவருக்குள் நிற்கும் மரச்சட்டத்தின் கனம் வழக்கமாக 38 மில்லிமீட்டர். இரண்டு பக்கமும் தீ பிடித்தால், அதே 0.65 கணக்கில், அரை மணி நேரத்தில் மிஞ்சுவது ஒன்றுமில்லை. அதற்கு முன்பே பாரம் தாங்காமல் விழும். சுள்ளிக்குத் தன்னைக் காத்துக்கொள்ளும் சக்தி கிடையாது, அதை வேறொன்றுதான் காக்க வேண்டும். மேலே அறையும் ஜிப்சம் போர்டுதான் அந்தக் காவல். ஜிப்சத்தின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு, அதன் படிகத்துக்குள் கட்டுண்ட நீர். தீ பட்டால் அந்த நீர் ஆவியாகும்வரை போர்டின் மறுபக்கம் கொதிநிலையைத் தாண்டிச் சூடாவதில்லை. போர்டை இரண்டு அடுக்காகச் சரியாக அறைந்தால் ஒரு மணி நேரம் தாங்கும் சுவர் கிடைத்துவிடும். பிறகு யாரோ ஒரு பிளம்பர் குழாய்க்கு ஓட்டை போட்டு அடைக்காமல் போகிறார், எலக்ட்ரிஷியன் ஸ்விட்ச் பாக்ஸுக்கு வெட்டுகிறார். அந்த ஓட்டை வழியே தீ நேராகச் சுள்ளிக்கட்டுக்குள் இறங்கலாம்.

1990களின் இறுதியில், பெட்ஃபோர்டுஷயரின் கார்டிங்டனில், பழைய ஆகாயக்கப்பல் கொட்டகை ஒன்றுக்குள் ஆறு மாடி மரச்சட்டக் கட்டடம் ஒன்றைச் சோதனைக்காகவே கட்டினார்கள். 1999இல் அதன் ஒரு வீட்டுக்குள் தீ வைத்தார்கள். சுவர்கள் ஒரு மணி நேரத்துக்கும் மேல் தாங்கின. சோதனை வெற்றி. தீயை அணைத்துவிட்டு எல்லோரும் கிளம்பினார்கள். பல மணி நேரம் கழித்து, சுவரின் இடைவெளிக்குள் யாருக்கும் தெரியாமல் கனன்றுகொண்டிருந்த தீ மீண்டும் தலைகாட்டியது. நல்ல கைவேலைக்காரர்கள் கட்டிய, நிபுணர்கள் சூழ்ந்து நின்று பார்த்த கட்டடத்திலேயே இப்படி நடந்தது. ரிச்மண்ட் ஹவுஸுக்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே கிடைத்த எச்சரிக்கை இது.

சுவருக்குள் இருக்க வேண்டிய தடுப்பு எப்படிப்பட்டது என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். பல இடங்களில் அது பாலித்தீன் உறை போட்ட கனிமப் பஞ்சுச் சுருள். பார்வைக்கு நீளமான தலையணை மாதிரி இருக்கும். அதை மரச்சட்டத்தின் வெளிப்பக்கத்தில், மாடிக்கு மாடி, ஜன்னலைச் சுற்றி, வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில், ஸ்டேப்லர் பின் அடித்து நிறுத்துகிறார்கள். பிறகு கொத்தனார் வெளிச்சுவரை எழுப்பிக்கொண்டே வருகிறார். சுருள் இடைவெளியை இறுக அடைத்து நிற்க வேண்டும். இடைவெளி வரைபடத்தில் 50 மில்லிமீட்டர், தளத்தில் ஓரிடத்தில் 70 என்றால் சுருளுக்கும் செங்கல்லுக்கும் நடுவே இரண்டு விரல் நுழையும். மூலையில் இரண்டு சுருள்கள் சேரும் இடத்தில் ஒரு கை அகலம் விட்டுப்போகும். மழையில் நனைந்து ஒன்று சரிந்துவிடும். சரிந்ததைக் கொத்தனார் பார்த்தாலும் அது தன் வேலை இல்லையே என்று அடுத்த கல்லை வைத்துவிடுவார். மதியத்துக்குள் சுவர் மூடிவிடும். அதன் பிறகு கட்டடம் இருக்கும்வரை அதை யாரும் பார்க்கப்போவதில்லை, தீயைத் தவிர. மரத்தைக் குறை சொல்வதைவிட, சுவரை மூடிய அந்த மதியத்தில் அங்கே யார் இருந்தார்கள் என்று கேட்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

கட்டி முடிவதற்கு முன்பு மரச்சட்டக் கட்டடத்துக்கு அபாயம் இன்னும் அதிகம். ஜிப்சம் போர்டு இன்னும் ஏறவில்லை, கதவு இல்லை, காற்று தாராளம். அந்த நிலையில் அது காயப்போட்ட விறகுக் குவியல். 2006இல் லண்டனின் காலிண்டேலிலும் 2009 நவம்பரில் பெக்கமிலும் கட்டிக்கொண்டிருந்த மரச்சட்டக் குடியிருப்புகள் எரிந்தன. பெக்கமில் பக்கத்துக் கட்டடங்களுக்கும் தீ பரவி, சுற்றியிருந்த நூற்றுக்கணக்கானோரை வெளியேற்ற வேண்டியிருந்தது. கட்டி முடித்த பிறகும் ஆபத்து தீர்வதில்லை. 2019 ஆகஸ்டில் க்ரூ நகரில் பீச்மியர் என்ற முதியோர் குடியிருப்பு, மரச்சட்டக் கட்டடம், பட்டப்பகலில் எரிந்து அழிந்தது. ஏறத்தாழ 150 முதியவர்களை ஒருவர் விடாமல் வெளியே கொண்டுவந்தார்கள். அதே தீ இரவில் பிடித்திருந்தால் என்று நினைக்கவே நடுங்குகிறது.

கனமரக் கட்டடங்கள், அதாவது பலகைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி ஒட்டிய சிஎல்டி எனப்படும் பெரும் பலகைகளாலும் ஒட்டுமர உத்திரங்களாலும் எழும் கட்டடங்கள், இப்போது உயர்ந்துகொண்டே போகின்றன. லண்டனின் மரி குரோவில் 2009இல் ஒன்பது மாடி. நார்வேயின் புருமுண்டாலில் 2019இல் 18 மாடி, 85.4 மீட்டர். அமெரிக்காவின் மில்வாக்கியில் 2022இல் 25 மாடி. சிமெண்ட் உற்பத்தி வெளியிடும் கரியமில வாயுவைக் குறைக்க மரம் உதவும் என்பது இதற்குப் பின்னுள்ள நியாயம், புறக்கணிக்கக் கூடாத நியாயம். ஆனால் இங்கும் ஒரு சிக்கல் உண்டு. சில பசைகள், கரி தம்மை எட்டுவதற்கு முன்பே வெப்பத்தில் இளகிவிடுகின்றன. போர்வையாக இருக்க வேண்டிய கரிந்த அடுக்கு பெயர்ந்து விழ, கீழிருக்கும் புதுமரம் வெளிப்பட்டு, தணிந்துகொண்டிருந்த தீ மறுபடி கொழுந்துவிடுகிறது.

வட அமெரிக்கா இதை எதிர்கொண்ட முறை பாராட்டத்தக்கது. 2017இல் அமெரிக்க அரசின் ஆய்வுக்கூடத்தில் சிஎல்டியால் இரண்டு மாடி வீடு கட்டி, ஐந்து விதமாகத் தீ வைத்துப் பார்த்தார்கள். சிஎல்டி தயாரிப்புத் தரத்தை 2018இல் திருத்தி, இளகும் பசைகளை விலக்கினார்கள். பிறகு 2021 கட்டட விதித்தொகுப்பில் மூன்று படி வைத்தார்கள். மரம் முழுதையும் எரியாத பொருளால் மூடினால் 18 மாடி. ஓரளவு மரம் வெளியே தெரிந்தால் 12. பெருமளவு தெரிந்தால் ஒன்பது. மூன்றிலும் ஸ்பிரிங்க்ளர் கட்டாயம். மரத்தைத் தடை செய்யவுமில்லை, கொண்டாடவுமில்லை. எரித்துப் பார்த்து, கிடைத்த அளவை விதியில் எழுதினார்கள்.

இங்கிலாந்தும் சும்மா இருக்கவில்லை. 2018இன் இறுதியில், 18 மீட்டருக்கு மேற்பட்ட குடியிருப்புகளின் வெளிச்சுவரில் எரியும் பொருளைத் தடை செய்தது. ஜூடித் ஹாக்கிட் அம்மையார் 2018 மே மாதம் அளித்த அறிக்கையை அடிப்படையாக வைத்து 2022இல் கட்டடப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 18 மீட்டர் அல்லது ஏழு மாடி எட்டும் குடியிருப்புகளுக்கு இனி மூன்று வாயில்கள். திட்ட அனுமதியின்போது ஒன்று, கட்டத் தொடங்குமுன் ஒன்று, குடிபுகுமுன் ஒன்று. ஒவ்வொன்றிலும் கட்டடம் பாதுகாப்பானது என்று காட்டியாக வேண்டும். எந்தச் சுவரில் என்ன பொருள், யார் வைத்தார்கள் என்ற தகவல் கட்டடத்தின் ஆயுள் முழுதும் தொடர்ந்து வர வேண்டும். 2026 செப்டம்பர் 30இலிருந்து 18 மீட்டருக்கு மேல் புதிதாகக் கட்டுவதில் இரண்டாவது படிக்கட்டு கட்டாயம். கிரென்ஃபெலில் இருந்தது ஒரே படிக்கட்டு. புகை நிறைந்த அந்தப் படிக்கட்டில் வீரர்கள் மேலே ஏற, மக்கள் இருளில் தடவிக்கொண்டு கீழே இறங்கினார்கள்.

இவை நல்ல மாற்றங்கள். ஆனால் 18 மீட்டர் என்ற கோட்டின் மேல் எனக்கு நிறைவில்லை. ரிச்மண்ட் ஹவுஸுக்கு நான்கே மாடி. பீச்மியரும் உயரமான கட்டடம் இல்லை. உயரம் கூடக் கூட அபாயம் கூடும் என்பது மெய்தான். ஆனால் உள்ளே இருப்பவரால் இறங்க முடியுமா என்பதும் அதே அளவு முக்கியம். கிரென்ஃபெலில் உடல் இயலாமையோடு வாழ்ந்தவர்கள் 37 பேர், அவர்களில் 15 பேர் இறந்தார்கள். ஒருவருக்குக்கூட எப்படி வெளியேறுவது என்ற தனித்திட்டம் இருக்கவில்லை. சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு மூன்றாம் மாடியும் உயரம்தான். எளிதில் இறங்க முடியாதவர்களுக்கு வெளியேற்றத் திட்டம் வகுக்கச் சொல்லும் விதி இங்கிலாந்தில் 2026 ஏப்ரலில்தான் நடைமுறைக்கு வருகிறது, விபத்து நடந்து ஒன்பது ஆண்டுகள் ஆகப்போகும் நேரத்தில்.

‘இருந்த இடத்திலேயே இருங்கள்’ என்று கிரென்ஃபெலில் அன்று தொலைபேசியில் சொன்ன அறிவுரை பலரின் உயிரைக் குடித்தது. பெட்டிகள் உறுதியாக இருந்தால் அது சரியான அறிவுரை. எல்லோரும் ஒரே நேரத்தில் படிக்கட்டில் முட்டிக்கொள்வது அதனால் தவிர்க்கப்படும். சுவருக்குள் புகைபோக்கி ஓடும் கட்டடத்தில் அதே அறிவுரை ஆளைக் கொல்லும். அதிகாலை 1.30க்கும் 1.50க்கும் இடையில் அதைத் திரும்பப் பெற்றிருக்க வேண்டும் என்று விசாரணை சொன்னது. திரும்பப் பெற்றபோது மணி 2.47. தொலைபேசியில் பேசிய பணியாளர்களுக்குக் கட்டடத்தின் நிலை தெரியவில்லை. இதில் அவர்களைக் குற்றவாளியாக்குவது நியாயமில்லை.

பழைய கட்டடங்களின் கணக்கு இன்னும் தீரவில்லை. இங்கிலாந்தில் ஆபத்தான முகப்புள்ள கட்டடங்கள் 9,000 முதல் 12,000 வரை இருக்கலாம் என்று தேசியத் தணிக்கை அலுவலகம் 2024 நவம்பரில் மதிப்பிட்டது. அவற்றில் பாதியோ அதற்கு மேலோ அடையாளம்கூடக் காணப்படாமல் இருந்தன. 2035 வரை வேலை இழுக்கும் என்றது. இத்தனை ஆண்டும் அந்த வீடுகளை விற்கவும் முடியாமல், நிம்மதியாகத் தூங்கவும் முடியாமல், இரவெல்லாம் தாழ்வாரத்தில் சுற்றிவரும் காவலாளிக்குத் தாங்களே சம்பளம் கொடுத்து வாழ்ந்த குடும்பங்கள் பல.

2025 நவம்பர் 26 அன்று ஹாங்காங்கின் தாய் போ பகுதியில் வாங் ஃபுக் கோர்ட் குடியிருப்பு எரிந்து 150க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, உலகம் முதலில் சுட்டிக்காட்டியது மூங்கில் சாரத்தை. மூங்கில் எரியும் என்பது எல்லோருக்கும் தெரியும், அதனால் பழி அதன்மேல் எளிதாக விழுந்தது. ஆனால் சாரத்தைப் போர்த்தியிருந்த வலையும், ஜன்னல்களை மூடி ஒட்டியிருந்த நுரைப் பலகைகளும் தீயைக் கட்டடத்துக்குக் கட்டடம், வீட்டுக்கு வீடு என்று கொண்டுபோனது அதிகாரிகளின் முதல் கட்ட விசாரணையிலேயே வெளிப்பட்டது. எட்டுக் கட்டடங்களில் ஏழு எரிந்தன. எரியும் என்று தெரிந்த பொருளைப் பார்த்துப் பயப்படுகிறோம். எரியாதது போலத் தோன்றும் தகட்டையும் பலகையையும் நம்பி அதன் பின்னால் தூங்குகிறோம்.

என் பரிந்துரை எளியது. சுவரை மூடும் முன் ஒவ்வொரு தடுப்பையும், ஒவ்வொரு ஓட்டை அடைப்பையும், இடமும் தேதியும் தெரியும்படி படமெடுத்து, ஒப்பந்தக்காரரின் சம்பளத்தில் இல்லாத ஒருவர் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகே அடுத்த கல் ஏற வேண்டும். மரமோ கான்கிரீட்டோ, நான்கு மாடியோ நாற்பது மாடியோ, இதற்கு விலக்கு கூடாது. வீடு வாங்குபவரிடம் பத்திரத்தோடு அந்தப் படங்களையும் கொடுக்க வேண்டும். கைபேசி இல்லாத தொழிலாளி இன்று எந்தத் தளத்திலும் இல்லை. இதற்குப் பெரிய செலவு ஆகும் என்று யாரும் சொல்ல முடியாது.

இதைப் படிக்கும் நீங்கள் அடுக்கு வீட்டில் இருப்பவரானால் இன்று மாலை ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் மாடியில் மின்கம்பிகள் மேலேறும் ஷாஃப்ட்டின் கதவை உங்கள் கட்டட எலக்ட்ரிஷியனைத் திறக்கச் சொல்லி, கை வைக்காமல் டார்ச் அடித்துப் பாருங்கள். அத்தகைய ஷாஃப்ட்டுகளை ஒவ்வொரு தளத்திலும் தீ தாங்கும் பொருளால் அடைக்க வேண்டும் என்று இந்திய தேசியக் கட்டட விதித்தொகுப்பும் சொல்கிறது. கம்பிகளைச் சுற்றிக் கீழ்மாடியின் வெளிச்சம் தெரிந்தால், அதுவும் ஒரு புகைபோக்கிதான். படம் எடுத்து, குடியிருப்போர் சங்கத்திடம் கொடுத்து, அடுத்த கூட்டத்துக்குள் அதை அடைக்கச் சொல்லுங்கள்.